கண்ணாடிக் கிண்ணத்து ஆமையும் காதுவழிச் செய்திகளும்

வண்ணமீன் கடையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குட்டி ஒன்றை வாங்குகிறவருக்கு அதோடு மூன்று சேர்ந்து வருகின்றன: ஒரு கண்ணாடிக் கிண்ணம், காய்ந்த இறால் அடைத்த சிறு டப்பா, எப்படி வளர்க்க வேண்டும் என்று நின்றபடியே சொல்லப்படும் நாலைந்து யோசனைகள். கிண்ணம் போதாது. இறால் மட்டும் உணவாகாது. யோசனைகளில் பெரும்பாலானவை தவறு. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதுதான் நிலைமை என்றாலும், கடலூர், சிதம்பரம் பகுதியைத் தனியே எடுத்துப் பேசக் காரணம் உண்டு. வடக்கே தென்பெண்ணையும் கெடிலமும், நடுவே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் வீராணம் ஏரி, பிச்சாவரத்து உப்பங்கழிகள் என்று நீர் சூழ்ந்த மாவட்டம் இது. கடற்கரை மணலில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. பழைய கொள்ளிடத்தில் முதலை வாழ்கிறது. ஆடி பிறந்தால் புற்றுகளுக்குப் பால் போகிறது. ஊர்வன நமக்குப் புதியவை அல்ல. ஆனாலும் அவை என்ன தின்னும், எப்படிப்பட்ட இடத்தில் வாழும் என்று கேட்டால் நாம் சொல்லும் விடைகளில் பாதிக்கு மேல் கேள்விப்பட்டவை, பார்த்தறிந்தவை அல்ல.

இந்தப் பிழைகள் இத்தனை காலம் நிலைத்திருக்கக் காரணம் அந்த உயிர்களின் உடம்பிலேயே இருக்கிறது. கோழியும் நாயும் தம் உடல் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்பவை. அதற்காக அவை தின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் தீனி தவறினால் கத்தும், மூன்றாம் நாள் துவண்டுவிடும். வீட்டில் இருப்பவருக்குத் தவறு தெரிந்துவிடும். ஊர்வன சூட்டை வெளியிலிருந்து வாங்கி வாழ்பவை. அவற்றின் உடம்புக்குச் செலவு குறைவு. ஆகவே பட்டினியையும் பொருந்தாத தீனியையும் அவை மாதக்கணக்கில் தாங்கும். வளர்ந்த முதலை பல மாதங்கள் உண்ணாமலே இருக்கும். ஆமை வலித்தாலும் குரல் எழுப்பாது. இன்று நாம் செய்யும் தவறு ஆறேழு மாதம் கழித்துத்தான் வெளியே தெரிகிறது. அதற்குள் ‘எங்கள் வீட்டில் இப்படித்தான் வளர்க்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறது’ என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. பிறகு அது இறக்கும்போது, அதன் ஆயுள் அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம். நல்ல பராமரிப்பில் அந்த ஆமை முப்பது ஆண்டுவரை வாழக்கூடியது.

‘தொட்டி எவ்வளவோ, ஆமையும் அவ்வளவுதான் வளரும்.’ எல்லாவற்றிலும் அதிகம் பரவியிருக்கும் நம்பிக்கை இது. கடைகளில் விற்கப்படும் ஆமை பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருப்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். ஆண் அதைவிடச் சிறியது. கிண்ணத்தில் வளர்ந்த ஆமை சிறிதாகவே இருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். அதனால்தான் இந்த நம்பிக்கைக்கு இவ்வளவு பலம். ஆனால் அது இடத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. சத்தில்லாத தீனியாலும் தன் கழிவே கலங்கிய நீராலும் வளர்ச்சி தடைப்பட்டு நிற்கிறது. சிறிதாக இருக்கிறது என்று நாம் மகிழ்வது அதன் நோயைப் பார்த்துத்தான். வளர்ப்பில் அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஓட்டின் நீளம் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய நாற்பது லிட்டர் தண்ணீர். நாலங்குல ஆமைக்கே நூற்றைம்பது லிட்டருக்கு மேல் வேண்டும். முழு வளர்ச்சி அடைந்த பெண் ஆமைக்கு நானூறு லிட்டர். ஆயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பினால் எவ்வளவு நீரோ அவ்வளவு. இந்தக் கணக்கை விற்கும்போதே சொன்னால் பத்தில் ஒன்பது பேர் வாங்கமாட்டார்கள். சொல்லப்படாமல் இருப்பதன் காரணம் அதுதான்.

தண்ணீர் மட்டும் இருந்தாலும் போதாது. அந்த ஆமை முழு நாளும் நீரில் கிடக்கும் உயிர் அன்று. ஏறிப் படுக்க உலர்ந்த மேடு வேண்டும்; உடம்பு முழுவதும், அடிப்பக்க ஓடு உட்பட, காய வேண்டும். காயாவிட்டால் ஓட்டின் தகடுகளுக்கு இடையே அழுகல் பிடிக்கும். கிண்ணத்தின் நடுவே வைக்கப்படும் பிளாஸ்டிக் தென்னைமரத் தீவு குட்டிக்கு ஒரு மாதம் பயன்படும். பிறகு அதில் ஏறினால் கவிழும்.

தீனி பற்றிய பிழைக்கு வருவோம். ‘காய்ந்த இறால் போதும், அதற்கு அதுதான் உணவு.’ டப்பாவின் மேல் ஆமைப் படம் அச்சிட்டிருப்பதால் இது உண்மைபோலத் தோன்றுகிறது. காயவைத்த இறாலில் புரதம் உண்டு. ஆனால் ஆமைக்கு வேண்டிய உயிர்ச்சத்துகள், குறிப்பாக ஏ சத்து, அதில் மிகக் குறைவு. அதையே ஓராண்டு தின்ற ஆமையை நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். இரண்டு இமைகளும் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. பார்க்க முடியாததால் உண்ணவில்லை. உண்ணாததால் இன்னும் சத்துக் குறைந்தது. வீட்டார் அது மார்கழித் தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மெல்லத் தூக்கி ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தொட்டால் உள்ளே அமுங்கியது. ஆமையின் ஓடு அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து அமைந்தது. அது அமுங்குகிறது என்றால் எலும்பே கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த மார்கழித் தூக்கத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பனி உறையும் நாடுகளில் ஆமைகள் குளிர்காலம் முழுவதும் ஒடுங்கிக் கிடக்கும். நம் கடற்கரையில் மார்கழி இரவிலும் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பசி சற்றுக் குறையலாம், அவ்வளவே. நம் ஊர் வீட்டில் ஓர் ஆமை ஒரு வாரம் கண் திறக்காமல் கிடந்தால் அது நோய்.

பின் என்ன கொடுப்பது? சிவப்புக் காது ஆமை குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் புலால் உண்ணும். வளர வளரச் செடிகொடிக்கு மாறும். நல்ல தரமான ஆமைத் தீனி உருண்டைகள் ஒரு பங்கு. மண்புழு, சிறுமீன், நத்தை ஒரு பங்கு. மீனைத் தலையோடும் முள்ளோடும் கொடுக்க வேண்டும். சதையை மட்டும் அரிந்து கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போய்விடும். வளர்ந்த ஆமைக்கு நீர்ப்பாசி, கீரைவகை பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே கீரையைத் தினமும் போடக்கூடாது. பசலை போன்ற கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. சுண்ணாம்புச் சத்துக்கு விலையுயர்ந்த பொட்டலம் எதுவும் வேண்டியதில்லை. நம் கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓடு, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கிடைப்பது, இதற்கு மிகச் சிறந்தது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை நீக்கிக் காயவைத்து, ஒரு துண்டைத் தொட்டியில் போட்டால் ஆமை தானே கொறித்துக்கொள்ளும். தேவனாம்பட்டினக் கடற்கரையில் நடந்து போகிறவர் காலில் மிதிபடுகிற பொருள், டப்பாவில் வரும் தீனியைவிடப் பயனுள்ளது என்று யாரும் சொல்வதில்லை; விற்க முடியாத பொருளைப் பற்றி யார் பேசுவார்கள்?

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை, வீட்டு ஆமைக்கும் பொரியும் சோறும் போடுகிறது. போட்டதைத் தின்கிறதே என்பது வாதம். பசித்த ஆமை தெர்மகோல் துணுக்கையும் கடித்துப் பார்க்கும். தின்பதும் செரிப்பதும் ஒன்றல்ல. அதோடு, தின்னாத சோறு ஒரே இரவில் நீரைப் புளிக்கவைத்துவிடும்.

இனி, நம் ஊரில் மட்டுமே இவ்வளவு வலுவாக நம்பப்படும் ஒன்று: ‘வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர், இங்கே தனி விளக்கு எதற்கு? சன்னல் ஓரம் வைத்தால் போதும்.’ படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இதன் முதல் பாதியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இரண்டாம் பாதியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஊர்வன உண்ட சுண்ணாம்பை எலும்பில் சேர்க்க டி3 சத்து வேண்டும். அந்தச் சத்தைத் தோல் உண்டாக்க, சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரின் ஒரு பகுதி வேண்டும். அதன் அலைநீளம் ஏறக்குறைய 290 முதல் 320 நானோமீட்டர். சாதாரண சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடுகிறது. வெளிச்சமும் சூடும் உள்ளே வரும்; வேண்டிய கதிர் வராது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் ஆமை, சித்திரை வெயிலிலும் இருட்டறையில் இருப்பதற்குச் சமம். எலும்பு மெலிந்து, ஓடு மென்மையாகி, தாடை வளைவது இப்படித்தான். சுண்ணாம்பு கொடுத்தும் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

கதை இங்கே முடியவில்லை. இதைக் கேள்விப்பட்ட இன்னொரு கூட்டம் கிண்ணத்தை அப்படியே மொட்டைமாடியில் வைத்துவிடுகிறது. அக்னி நட்சத்திர நாளில் கடலூரில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தொடும். இரண்டு லிட்டர் நீர் அந்த வெயிலில் சூடேற அரைமணி நேரம் ஆகாது. காட்டில் இருக்கும் ஆமை சூடு ஏறினால் நீருக்குள் இறங்கும், நிழலுக்கு நகரும். கிண்ணத்தில் இருப்பதற்கு நகர இடமில்லை, வெந்து சாகும். ஊர்வனவற்றுக்குச் சூடு வேண்டும் என்பது பாதி உண்மை. சூடான இடம், குளிர்ந்த இடம் இரண்டும் ஒரே தொட்டியில் வேண்டும். எப்போது எங்கே இருப்பது என்பதை அது தீர்மானிக்க வேண்டும். சிவப்புக் காது ஆமைக்கு நீர் 24 முதல் 28 டிகிரி, வெயில் காயும் மேடு 32 முதல் 35 டிகிரி. காலை ஏழு எட்டு மணி வெயிலில், பாதி நிழல் விழுகிற அகலமான தொட்டியில், கண்ணாடி மூடியில்லாமல், ஆள் பார்த்துக்கொண்டிருக்க அரைமணி நேரம் விட்டால் நம் ஊரில் விளக்கே வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது முடியாதென்றால் புற ஊதா விளக்கு வாங்கத்தான் வேண்டும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கதிர் வலிமை குறைந்துவிடும், மாற்ற வேண்டும். காகம், பருந்து, பூனை மூன்றும் மாடியில் உண்டு என்பதை நினைவில் வைப்பதும் நல்லது.

நட்சத்திர ஆமைக்கு வேறு வகை நம்பிக்கை. ஆமை நுழைந்த வீடு உருப்படாது என்று பழமொழி சொல்லும் அதே நாட்டில், நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்றும் சொல்கிறார்கள். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நம்பிக்கைகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன; இரண்டுக்கும் பலியாவது ஆமை. முதலாவதை நம்புகிறவர் மழைக்கு ஒதுங்கி வந்த குளத்தாமையை விரட்டுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் முட்காட்டிலும் புல்வெளியிலும் வாழவேண்டிய நட்சத்திர ஆமையை மொசைக் தரையில் விட்டுத் தக்காளியும் வெள்ளரியும் சோறும் கொடுக்கிறார். புல்லும் இலையும் தின்று வளர வேண்டிய உடம்பு அது. நாரும் சுண்ணாம்பும் அதற்கு முதன்மை. தவறான உணவிலும் வறண்ட அறைக் காற்றிலும் வளர்ந்தால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் கூம்பாகப் புடைத்து எழும். அந்தப் புடைப்பை அழகு என்று காட்டுகிறவர்களும் உண்டு. வழவழப்பான தரையில் கால் ஊன்ற முடியாமல் அதன் மூட்டுகள் விலகிப்போவதை யாரும் கவனிப்பதில்லை.

ஆனால் இங்கே நல்ல உணவு எது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை அன்று. ஏனென்றால் நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பதே குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2019இல் சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு உடன்படிக்கையும் இதன் வணிகத்துக்கு முழுத் தடை விதிக்கும் முதல் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டது. சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் அடுக்கிய நட்சத்திர ஆமைக் குட்டிகள் பிடிபட்ட செய்தியை நாம் பலமுறை படித்திருக்கிறோம். ராசிக்காக ஒன்று என்று இங்கே கேட்கிற ஒவ்வொரு வீடும் அந்தப் பெட்டிக்குப் பணம் கட்டுகிறது.

‘கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், சட்டம் அனுமதிக்காமலா விற்பார்கள்?’ இதுவும் அடிக்கடி கேட்கும் கேள்வி. விற்பார்கள். சிவப்புக் காது ஆமை நம் நாட்டு இனம் அன்று. உள்நாட்டு ஆமைகளுக்கான தடை அதற்குப் பொருந்தாததால் கடைக்கு வருகிறது. அதைப் பார்த்துப் பழகிய கண், வாய்க்காலில் பிடித்த பாலாமையையும் அப்படியே நினைத்துக்கொள்கிறது. பாலாமை முதல் அட்டவணை. உடும்பும் முதல் அட்டவணை. வெளிநாட்டுப் பச்சை ஓணான், பந்துப் பாம்பு போன்றவை சைட்டிஸ் பட்டியலில் இருப்பவை. அவற்றை வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க 2020 ஜூனில் நடுவண் அரசு ஆறு மாதம் வாய்ப்புக் கொடுத்தது. பிறகு 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் அறிவிக்கப்பட்டன; அதன்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம். விற்கிறவர் பதிவுச் சான்றைக் காட்டாமல் ‘எல்லாரும் வாங்குகிறார்கள்’ என்று சொன்னால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவதே சரி. பச்சை ஓணானைப் பற்றி இன்னொன்று: அது முழுச் சைவம். புழுவும் முட்டையும் பூனைத் தீனியும் கொடுத்தால் விரைவாக வளர்கிறது என்று மகிழ்கிறவர்கள், சில ஆண்டுகளில் அதன் சிறுநீரகம் பழுதாகிச் சாவதைப் பார்ப்பார்கள்.

பாம்புக்குப் பால் என்ற நம்பிக்கையைச் சிதம்பரத்தில் உட்கார்ந்து பேசுவதற்குத் தனிப் பொறுப்பு வேண்டும். ஆதிசேடனே பதஞ்சலியாக வந்து தில்லைக் கூத்தைக் கண்டார் என்று நம்பும் ஊர் இது. ஆடுகிறவர் மேனியில் பாம்பு அணி. அதே வளாகத்தில் கோவிந்தராசர் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். வழிபாட்டை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பால் குடிப்பவை பாலூட்டிகளின் குட்டிகள். பாம்பு தன் குஞ்சுக்குப் பால் கொடுப்பதில்லை. பாலைச் செரிக்கும் அமைப்பும் அதன் குடலில் இல்லை. ‘குடிப்பதைக் கண்ணால் பார்த்தேன்’ என்பவர் பொய் சொல்லவில்லை. பாம்பாட்டி அந்தப் பாம்பைப் பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார். நச்சுப் பல்லைப் பிடுங்கியிருப்பார். சில வேளை வாயையே தைத்திருப்பார். தாகத்தில் வறண்ட பாம்பு எந்த ஈரத்தையும் உறிஞ்சும். அப்படிக் குடித்த பால் செரிக்காமல் அதைக் கொல்லும். நாகபஞ்சமிக்குப் பின் அந்தப் பாம்பு என்ன ஆனது என்று பக்தர் யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை. நம்பிக்கை உயிரோடு இருப்பதற்கு அது போதுமான காரணம். பாம்பாட்டம் 1972 சட்டத்தின் கீழ் குற்றம் என்பதும் பலருக்குத் தெரியாது.

புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு அதில் தங்க வருவது எலிக்காகவும் குளிர்ச்சிக்காகவும். ஊற்றும் பால் எறும்பையும் புளித்த வாடையையும் தருமே தவிர நாகத்துக்கு எதுவும் தராது. நாகத்தின் உணவு எலி, தவளை, ஓணான், பிற பாம்பு. காட்டுமன்னார்கோயில், புவனகிரி வயல்களில் எலி வங்கு வெட்டும் கூலியை நினைத்துப் பார்த்தால், அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்யும் உயிர் எது என்று விளங்கும். புற்றில் பால் ஊற்றிய கையே கொல்லைப்புறத்தில் சாரையைக் கண்டால் தடி தேடுகிறது. சாரைக்கு நஞ்சே இல்லை. நம் பகுதியில் உயிருக்கு ஆபத்தான கடி பெரும்பாலும் நான்கு இனங்களிடமிருந்துதான் வருகிறது: நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். அந்த நான்கின் நஞ்சிலிருந்துதான் கடிக்கு மருந்தும் தயாராகிறது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அந்த நஞ்சை எடுத்துத் தருகிறது.

முதலையை யாரும் வீட்டில் வளர்ப்பதில்லை. ஆனால் பழைய கொள்ளிடக் கரையில் அதற்கு நாம் அறியாமலே உணவு வைக்கக்கூடும். வேளக்குடி, பழையநல்லூர் போன்ற ஊர்களில் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் முதலை வருவதும், ஆற்றில் இறங்கியவர்களைத் தாக்குவதும் நெடுநாள் துயரம். ஊருக்குள் வந்ததை வனத்துறை பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறது. கரையோரம் கோழிக்கழிவு கொட்டினால் முதலை வயிறு நிறைந்து மனிதரை விட்டுவிடும் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. எந்தப் படித்துறையில் தீனி கிடைக்கிறதோ அந்தப் படித்துறைக்கு அது திரும்பத் திரும்ப வரும். அதே படித்துறையில் நம் பெண்கள் துணி துவைக்கிறார்கள், மாடு தண்ணீர் குடிக்கிறது. வேடிக்கை பார்க்கப் போய் எதையாவது எறிந்துவிட்டு வருகிற இளைஞர்களுக்கு இதை வீட்டில் சொல்ல வேண்டும்.

‘ஆமை சுத்தமான பிராணி, குழந்தைகளுக்கு ஏற்றது.’ ஊர்வன பலவற்றின் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி இயல்பாகவே இருக்கும். ஆமைக்கு அதனால் நோய் வராது, பிள்ளைக்கு வரும். குட்டி ஆமையைப் பிள்ளைகள் வாயருகே கொண்டுபோவதால்தான் அமெரிக்கா 1975இலேயே நாலங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்காக விற்பதைத் தடைசெய்தது. நம் கடைகளில் விற்பவை எல்லாம் அந்த அளவுக்கும் கீழே. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம்.

நோய் வந்தால் ‘ஆமைக்கு எந்த டாக்டர் பார்ப்பார்?’ என்று கையை விரிக்கிறோம். மாடும் ஆடும் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டலாம். அவர் வழிகாட்டினால் புதுச்சேரியில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கோழிக்குக் கொடுக்கிற மருந்தை அளவு பார்த்துக் கொடுப்பது வேண்டாம். ஊர்வனவற்றின் உடம்பு மருந்தை வெளியேற்றும் வேகம் வேறு. கோழியின் கணக்கு ஆமைக்கு நஞ்சாகலாம்.

கடைசியாக ஒரு பிழை. அன்பினால் செய்வது என்பதால் எல்லாவற்றிலும் பெரிய கேடு விளைவிப்பதும் இதுதான். ஆமை வளர்ந்துவிடுகிறது, நீர் நாறுகிறது, பிள்ளைக்குத் தேர்வு வருகிறது. கொல்ல மனமில்லை. ‘கோயில் குளத்தில் விட்டால் புண்ணியம், அதுவும் சுதந்திரமாக வாழும்’ என்று ஒரு மாலையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறோம். சிவப்புக் காது ஆமை உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியை 1997இல் தடைசெய்தது. கேரளத்தில் அதை நீர்நிலைகளில் விடாமல் ஒப்படைக்குமாறு வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. நம் பாலாமையோடு அது ஒரே உணவுக்குப் போட்டியிடும், வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தொட்டியில் தொற்றிய கிருமியையும் குளத்துக்குக் கொண்டுபோகும். கிண்ணத்தில் சாகாமல் தப்பிய ஆமைதான் அங்கே வருகிறது. எல்லாவற்றையும் தாங்கிய ஆமை.

குளம் மூடிய இடம்தானே என்பார்கள். நம் மாவட்டத்தில் எந்தக் குளமும் மூடிய இடம் அன்று. 2015 நவம்பர் மழையில் ஊர்களும் ஏரிகளும் ஒரே நீராகக் கிடந்ததைப் பார்த்தோம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டு கடலூர்த் தெருக்களில் ஓடியது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் தெருமுனைக் குளத்தில் விட்டது வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஏரிக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போய்விடும். பிறகு எடுக்க வழியில்லை.

வைத்துக்கொள்ள முடியாதவர் செய்யக்கூடியது ஒன்றுதான். இதே ஆமையைப் பெரிய தொட்டியில் முறையாக வளர்க்கிற ஒருவரைத் தேடிக் கொடுக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் அப்படிப்பட்டவர்களைத் தெரிந்திருக்கும். கையில் இருப்பது நட்சத்திர ஆமையோ பாலாமையோ என்றால் தாமதிக்காமல் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். நாமே காட்டில் விடுவதும் தவறு, அது எந்த ஊர்க் காட்டிலிருந்து வந்தது, என்ன நோய் கொண்டது என்று நமக்குத் தெரியாது. கொடுக்க ஆள் கிடைக்கும்வரை சிவப்புக் காது ஆமை நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கட்டும். அந்தக் கிண்ணத்தில் அல்ல. துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில், ஏறிப் படுக்க ஒரு செங்கல் மேடோடு, காலை வெயில் விழுகிற பக்கமாக.